கல்லூரி நுண்கணிதத்தை இணையவழியில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் முதலாண்டில் சேர்ந்தவர்களும், பி.எஸ்சி. கணிதம் அல்லது இயற்பியல் படிப்பவர்களும், வேலையில் இருந்துகொண்டே தரவு அறிவியல் பக்கம் செல்ல விரும்புகிறவர்களும் நுண்கணிதத்தை இணையத்தில் படிக்க முற்படும்போது ஏறக்குறைய ஒரே வகையான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுள் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐ.ஐ.டி.க்கள் சார்ந்த என்.பி.டி.இ.எல். அமைப்பு வழங்கும் படிப்புகளையும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டுள்ள பாடங்களையும் சார்ந்தவை.

பிளஸ் டூவில் படித்த நுண்கணிதத்துக்கும் கல்லூரியில் படிப்பதற்கும் என்ன வேறுபாடு?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பிலேயே எல்லை, தொடர்ச்சித்தன்மை, வகையிடல், தொகையிடல் ஆகியவை வந்துவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இவற்றின் பயன்பாடுகளோடு பகுதி வகைக்கெழுக்களும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளும் சேர்கின்றன. எனவே கல்லூரியில் முதல் சில வாரங்கள் பழகிய ஊர்த் தெருவில் நடப்பது போலத்தான் இருக்கும். புதிதாக வருவது பல மாறிகளைக் கொண்ட சார்புகள், நிபந்தனைக்கு உட்பட்ட பெருமம் சிறுமம் காணும் லாக்ராஞ்சு முறை, இரட்டை, மும்மைத் தொகையீடுகள் ஆகியவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி முதல் பருவத்தில் இருந்த ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்ற தாளில் ஐந்து அலகுகள் இருந்தன. ஒன்று அணிகளுக்கு உரியதாக இருந்தது. மற்ற நான்கும் ஒரு மாறி வகையிடல், பல மாறிச் சார்புகள், தொகையிடல், பன்மடித் தொகையீடு என்று பிரிந்தன. எம்.ஐ.டி.யில் ஒரு மாறி நுண்கணிதம் 18.01 என்ற எண்ணிலும் பல மாறி நுண்கணிதம் 18.02 என்ற எண்ணிலும் தனித்தனிப் பாடங்களாக உள்ளன. அங்கே ஓராண்டுக்குப் பரப்பிக் கற்பிப்பதில் பெரும்பகுதியை நம் பொறியியல் மாணவர் ஒரே பருவத்தில் கடந்துவிடுகிறார். முதல் சில வாரங்கள் எளிதாக இருப்பதால் அசந்துவிடும் மாணவர் பல மாறிப் பகுதி தொடங்கும்போது தடுமாறுவதற்கு இந்த வேகமே காரணம்.

எங்கெங்கே படிக்கலாம்?

இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்வயம் தளம். 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட இத்தளத்தில் கணிதப் படிப்புகள் பலவற்றை என்.பி.டி.இ.எல். நடத்துகிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய இந்த அமைப்பு, 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்தி வருகிறது. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், புதிய பருவம் தொடங்கும். 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. ஒரு மாறி நுண்கணிதம், பல மாறி நுண்கணிதம், பொறியியல் கணிதம் ஆகிய பெயர்களில் அவற்றைத் தேடலாம்.

கால அட்டவணைக்குள் வராமல் தன் வேகத்தில் படிக்க விரும்புகிறவருக்கு எம்.ஐ.டி.யின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேர் மிகச் சிறந்தது. 18.01 பாடத்தில் பேராசிரியர் டேவிட் ஜெரிசன் 2006-இலும், 18.02 பாடத்தில் பேராசிரியர் டெனிஸ் ஆரூ 2007-இலும் கரும்பலகையில் எழுதி நடத்திய வகுப்புகள் முழுமையாகக் கிடைக்கின்றன. கணக்குத் தாள்கள், தேர்வுத் தாள்கள், விடைகள் ஆகியவையும் உடன் உள்ளன. காணொளிகள் பழையவை என்று ஒதுக்க வேண்டாம், கணிதம் அப்படியேதான் இருக்கிறது. அடிப்படை வலுவற்றவர்கள் கான் அகாடமியில் தொடங்கிவிட்டு இவற்றுக்கு வரலாம்.

முழுப் பட்டமாகவே படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிமுகப்படுத்திய தரவு அறிவியல் பி.எஸ். படிப்பு உண்டு. அதன் அடித்தள நிலையிலுள்ள இரண்டு கணிதப் பாடங்களில் இரண்டாவது, நேரியல் இயற்கணிதத்தையும் பல மாறி நுண்கணிதத்தையும் உள்ளடக்கியது. ஜே.இ.இ. எழுதாமலே சேரலாம். வகுப்புகள் இணையத்தில் நடந்தாலும் பருவத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றுதான் எழுத வேண்டும்.

கட்டணம் எவ்வளவு?

ஸ்வயம் தளத்தில் பாடம் கேட்பதும் வாராந்திரப் பயிற்சிகளை எழுதுவதும் இலவசம். சான்றிதழுக்கான தேர்வை எழுத விரும்புகிறவர் மட்டும் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் செலுத்துவது வழக்கம். எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர், கான் அகாடமி இரண்டுக்கும் கட்டணம் எதுவும் இல்லை.

இந்தச் சான்றிதழைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா?

ஒரு படிப்பை முடித்ததற்குச் சான்றிதழ் கிடைப்பதும், அந்தப் படிப்பின் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி, உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறுவதும் வெவ்வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெற வழி வகுத்திருக்கிறது. அதற்கு முன் 2016 ஒழுங்குமுறையில் இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. ஆனால் இது உச்ச வரம்பு மட்டுமே. எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்பது என்பதை உங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரியும்தான் முடிவு செய்கின்றன. 12 வாரப் படிப்பு பொதுவாக 3 கிரெடிட்டாகவும், 8 வாரப் படிப்பு 2 கிரெடிட்டாகவும் கணக்கிடப்படுகிறது. எனவே 4 கிரெடிட் கொண்ட முதலாண்டுக் கட்டாயத் தாளுக்கு ஒரு 12 வாரப் படிப்பு தானாகவே ஈடாகிவிடும் என்று நம்பிவிடாமல், பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்தபின் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர் சான்றிதழோ கிரெடிட்டோ தருவதில்லை. அங்கே கிடைப்பது கல்வி மட்டுமே. வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் கணிதப் பாடங்களுக்கான அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல் கேட்கப்படும் இடங்களில் அது பயன்படாது என்பதை முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும்.

என்.பி.டி.இ.எல். மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் படிப்பில் மிகச் சிறந்த 8 பயிற்சிகளும், 8 வாரப் படிப்பில் மிகச் சிறந்த 6 பயிற்சிகளும் சராசரிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சான்றிதழ் பெறப் பயிற்சியில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30 ஆகிய இரண்டையும் தனித்தனியே எட்ட வேண்டும். பயிற்சிகளில் 25-க்கு 25 வாங்கிய ஒருவர் தேர்வில் 28 எடுத்தால் கூட்டுத்தொகை 53 வந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. இந்த விதி கடுமையானதாகத் தோன்றலாம். நண்பரின் விடைகளைப் பார்த்து வாராந்திரப் பயிற்சியை நிரப்புவது எளிது என்பதால், தேர்வறையில் தனியாக உட்கார்ந்து போட முடிகிறதா என்று பார்ப்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

எனக்கு அடிப்படைக் கணிதம் சற்றுப் பலவீனம். நேரடியாகச் சேரலாமா?

நுண்கணிதத்தில் தோற்றுப்போவதாக நினைக்கும் மாணவர்களில் பலர் உண்மையில் இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும்தான் தடுமாறுகிறார்கள். எல்லை என்ற கருத்து அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் எக்ஸ் 4-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கம் கழித்தல் 16 என்பதை எக்ஸ் கழித்தல் 4 ஆல் வகுத்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்கில், தொகுதியைக் காரணிப்படுத்தினால் பொதுக் காரணி நீங்கி 8 என்ற விடை வந்துவிடும் என்பது கண்ணில் படாது. நேரடி வகுப்பில் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார். இணையத்தில் அப்படிக் கண்டுபிடிக்க ஆளில்லை, நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் ஒரு மாலை ஒதுக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவருவது, வர்க்கமூலம் உள்ள கோவையை இணையெண்ணால் பெருக்கிச் சுருக்குவது, எதிர்ம அடுக்குகளையும் பின்ன அடுக்குகளையும் கையாள்வது, மடக்கையின் விதிகள், சைன் காஸ் இரட்டைக் கோணச் சூத்திரங்கள் ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் ஐந்து கணக்குகளைப் புத்தகம் பாராமல் போட முடிந்தால் சேரலாம். முடியாவிட்டால் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலின் முதல் தொகுதியை எடுத்து மூன்று வாரம் செலவிடுங்கள். இந்த மூன்று வாரம் பிறகு பல மாத மனக்கலக்கத்தைத் தவிர்க்கும். அந்த நூல் இணையத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

கோணத்தை ரேடியனில் அளக்கும் பழக்கமும் இப்போதே வர வேண்டும். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் 1 கிடைக்கும் என்ற அடிப்படை முடிவு ரேடியனில்தான் உண்மை. கால்குலேட்டரை டிகிரியில் வைத்துச் சரிபார்க்கிறவருக்கு 0.01745 என்ற எண் வந்து குழப்பும், ஏனெனில் அது பை (π) என்ற எண்ணை 180 ஆல் வகுத்த மதிப்பு.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை?

எம்.ஐ.டி. தன் 18.01 பாடத்துக்கு வாரம் 12 மணி நேரம் கணக்கிடுகிறது. வகுப்புக்கு 5, வீட்டில் உழைப்பதற்கு 7. நன்கு தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்கே வகுப்பைவிட வீட்டு வேலை அதிகம் என்பதைக் கவனியுங்கள். என்.பி.டி.இ.எல். படிப்பில் ஒரு வாரக் காணொளிகள் சுமார் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஓடும். அவற்றோடு தாளும் பேனாவுமாக ஐந்து மணி நேரமாவது தேவை. வேலைக்குப் போகிறவர்கள் இதை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டமிடுகிறார்கள். நுண்கணிதம் அதற்கு ஒத்துவராது. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏழு நாளும் உட்கார்ந்தவருக்குக் கை ஓடும்.

காணொளி பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, கணக்குப் போட உட்கார்ந்தால் வரவில்லை. ஏன்?

இணையவழிப் படிப்பின் மையப் பிரச்சினை இதுதான். அடுத்த வரி என்ன என்று முடிவெடுக்கும் வேலையைக் காணொளியில் ஆசிரியர் செய்துவிடுகிறார். அவர் எடுத்த முடிவு சரி என்பதை ஒப்புக்கொள்வது மட்டுமே உங்கள் வேலையாக மிஞ்சுகிறது. தேர்வில் கேட்கப்படுவதோ அந்த முடிவெடுக்கும் திறனைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இயல் மடக்கையின் அடிமானமான இ என்ற எண்ணின் அடுக்கில் ஒய் வர்க்கம் இருக்கிறது. இதை இரட்டைத் தொகையீடு செய்ய வேண்டும். எக்ஸ் 0 முதல் 1 வரை செல்கிறது, ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒய் என்பது எக்ஸ் முதல் 1 வரை செல்கிறது. கொடுத்த வரிசையிலேயே ஒய்-யை முதலில் தொகையிட முயன்றால் முன்னேற முடியாது, ஏனெனில் அந்தச் சார்புக்கு நாம் அறிந்த எளிய சார்புகளால் எழுதக்கூடிய தொகை கிடையாது. இங்கே காணொளியை நிறுத்துங்கள். தொகையிட வேண்டிய பகுதியை வரைந்து பாருங்கள். ஆதிப்புள்ளி, ஒய் அச்சில் 1 என்ற புள்ளி, இரண்டு ஆயங்களும் 1 ஆக உள்ள புள்ளி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட முக்கோணம் கிடைக்கும். அதே முக்கோணத்தைக் கிடைக்கோடுகளாக வெட்டினால் ஒய் 0 முதல் 1 வரையும், எக்ஸ் 0 முதல் ஒய் வரையும் செல்லும். எக்ஸை முதலில் தொகையிட்டால் ஒய் என்ற பெருக்கல் காரணி தானாக வந்து சேரும். பிறகு ஒய் வர்க்கத்தை ஒரே மாறியாகப் பிரதியிட்டால் மூன்றே வரிகளில் இ கழித்தல் 1 என்பதன் பாதி, அதாவது சுமார் 0.859, என்ற விடை வந்துவிடும்.

ஆசிரியர் இதைச் செய்வதைப் பார்த்தால் இயல்பாகத் தோன்றும். வரிசையை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கே தோன்ற, நீங்கள் ஒருமுறை அந்த முட்டுச்சந்தில் நின்றிருக்க வேண்டும். எனவே ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும், தீர்வைத் தொடங்குமுன் காணொளியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடமாவது முயலுங்கள். விடை வராவிட்டாலும் அந்தப் பத்து நிமிடம் வீணில்லை. அதன்பின் தீர்வைப் பாருங்கள். மறுநாள் காலையில் வெற்றுத் தாளில், குறிப்பைப் பாராமல், முதல் வரியிலிருந்து அதையே எழுதுங்கள். மறுநாள் எழுதும் இந்த ஒரு பழக்கம், காணொளியை மூன்றுமுறை திரும்பப் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத் தரும்.

சரியான விடையை உள்ளிட்டும் கணினி தவறு என்கிறதே?

பல நேரங்களில் விடை உண்மையிலேயே சரியாக இருந்து, எழுதிய முறை பிழையாக இருக்கும். ஒன்றின் கீழ் இரண்டு எக்ஸ் என்று நினைத்து அடைப்புக்குறி இல்லாமல் தட்டச்சு செய்தால், சில மென்பொருள்கள் அதை அரை மடங்கு எக்ஸ் என்று வாசிக்கும். சைன் வர்க்கத்தை எழுதும்போது வர்க்கம் சைனுக்கா எக்ஸுக்கா என்பதை அடைப்புக்குறியால் காட்டுங்கள். லாக் என்று மட்டும் எழுதினால் கணக்கிடும் தளமான வுல்ஃப்ராம் ஆல்ஃபா அதை இயல் மடக்கையாகவும், வரைபடக் கருவியான டெஸ்மாஸ் 10-ஐ அடிமானமாகக் கொண்டதாகவும் எடுத்துக்கொள்கின்றன. தசம விடை கேட்கும் இடத்தில் இடையிலேயே முழுமையாக்கிவிடாமல் கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

இன்னொரு காரணம் கணிதத்துக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது மகிழ்ச்சி தருவதும்கூட. 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிடச் சொன்னால் ஒருவர் சைன் வர்க்கம் என்பார். இன்னொருவர் காஸ் வர்க்கத்தின் குறை மதிப்பு என்பார். மூன்றாமவர் காஸ் 2எக்ஸின் பாதியைக் குறைக்குறியோடு எழுதுவார். மூவரும் சரியே. இந்த மூன்று சார்புகளும் ஒன்றிலிருந்து ஒன்று ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டைத் தொகையீட்டு மாறிலி ஏற்றுக்கொள்கிறது. விடைப் பட்டியலில் உங்கள் விடை காணப்படவில்லை என்றால் உடனே மனம் தளராமல், உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள். தொடங்கிய சார்பே திரும்பக் கிடைத்தால் நீங்கள் தவறவில்லை. தொகையிடலில் இப்படி நம் விடையை நாமே சரிபார்த்துக்கொள்ள முடிவது, ஆசிரியர் அருகில் இல்லாதவருக்குப் பெரிய துணை.

தமிழ்வழியில் படித்தேன். ஆங்கில விரிவுரையைப் பின்தொடர முடியுமா?

முடியும். வகைக்கெழு அங்கே டெரிவேட்டிவ், தொகையீடு இன்டெக்ரல், எல்லை லிமிட், சார்பு ஃபங்ஷன், தொடுகோடு டேஞ்சன்ட், சாய்வு ஸ்லோப். இத்தகைய ஐம்பது சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பக்கத்தைப் புரட்டும் தேவை குறைந்துவிடும். கணித விரிவுரையில் ஆங்கில வாக்கியங்கள் குறைவானவை, திரும்பத் திரும்ப வருபவை, பலகையில் குறியீடாகவும் எழுதப்படுபவை. வசன வரிகளை இயக்கிக்கொண்டு, வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேளுங்கள். என்.பி.டி.இ.எல். தன் பாடங்கள் சிலவற்றின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் வெளியிட்டுள்ளது, உங்கள் பாடத்துக்கு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

நீங்கள் முழுமையாக முயன்று எழுதிய பிறகு, எந்த வரியில் பிழை என்று கண்டறியக் கேட்கலாம். கேள்வியை அப்படியே ஒட்டித் தீர்வை வாங்கிக்கொள்வது, மேலே சொன்ன காணொளிப் பிரச்சினையை இன்னும் மோசமாக்கும். இந்தக் கருவிகள் தன்னம்பிக்கையோடு தவறான படிகளையும் எழுதக்கூடியவை. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவைத்தான் நீங்கள் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். வரைபடம் பார்க்க டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முப்பரிமாணப் பரப்புகளைக் கையால் வரைந்து புரிந்துகொள்வது கடினம், ஜியோஜீப்ராவில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு திசையில் ஏறியும் மற்றொரு திசையில் இறங்கியும் செல்லும் சேணப் புள்ளி ஏன் பெருமமும் இல்லை சிறுமமும் இல்லை என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

தரவு அறிவியலுக்காக மட்டும் படிக்கிறேன். எல்லாப் பகுதியும் வேண்டுமா?

வேண்டாம். வகையிடல் முழுவதும், சங்கிலி விதியில் நல்ல பயிற்சி, பகுதி வகைக்கெழு, சாய்வுத் திசையன், பெருமம் சிறுமம், லாக்ராஞ்சு முறை ஆகியவை கட்டாயம். நிகழ்தகவு புரிய அடிப்படைத் தொகையிடல் தேவை. கடினமான தொகையிடல் உத்திகளையும் பரப்புத் தொகையீடுகளையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பொறியியல், இயற்பியல் மாணவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

நிரூபணங்களை இணையத்தில் கற்க முடியுமா?

பி.எஸ்சி. கணித மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. எல்லையின் எப்சிலான்–டெல்டா வரையறை போன்றவற்றைக் காணொளி வழியாகப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நீங்கள் எழுதிய நிரூபணம் சரியா என்பதை, பல விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் வகை வினாவால் சோதிக்க முடியாது. எப்சிலானைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே டெல்டாவை முடிவு செய்துவிட்ட மாணவருக்குத் தன் பிழை தெரிவதில்லை, படிக்கும்போது வாக்கியங்கள் சரியாகவே ஒலிக்கும். இதற்கு ஒரு மனிதர் வேண்டும். உங்கள் கல்லூரி ஆசிரியரிடம் வாரத்துக்கு இரண்டு நிரூபணங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான கணித ஆசிரியர்கள் அதை மகிழ்ச்சியோடு படித்துத் திருத்துவார்கள். பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் கேட்பதானால், ‘புரியவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எதுவரை செய்தீர்கள், எந்த வரியில் நின்றீர்கள் என்பதையும் எழுதினால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

நடுவில் பின்தங்கிவிட்டால் என்ன செய்வது?

தொகையிடல் உத்திகள் வரும் வாரங்களில் பலரும் பின்தங்குகிறார்கள். விட்டுப்போன காணொளிகள் அனைத்தையும் பார்த்துவிட்டுத்தான் முன்னேறுவேன் என்று நினைப்பவர் அந்த வாரத்தையும் இழக்கிறார். நடப்பு வாரத்தின் பயிற்சியை முதலில் எழுதுங்கள், பழையதை நாளுக்கு ஒரு பாடமாக ஈடுகட்டுங்கள். எல்லாப் பயிற்சிகளும் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பதால் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பாதகமில்லை. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், அதற்கான கடைசித் தேதி படிப்பு முடிவதற்கு முன்பே வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எதைப் படிப்பது?

புதிய காணொளி எதையும் தொடங்க வேண்டாம். எல்லா வாரங்களின் பயிற்சிக் கேள்விகளையும் ஒன்றாகக் கலந்து, எந்த வாரத்துக் கேள்வி என்று தெரியாதபடி எடுத்துப் போடுங்கள். வார வாரியாகப் படித்தபோது, இந்த வாரம் பகுதித் தொகையிடல், ஆகவே இந்தக் கணக்குக்கும் அதுவே வழி என்ற குறிப்பு உங்களுக்கு எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது. தேர்வில் அது கிடைக்காது. இரண்டுமுறையாவது மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழுத் தாளை எழுதிப் பாருங்கள். தவறிய கணக்குகளை ஒரு தனித் தாளில் குறித்து, கருத்துப் பிழை எது, கூட்டல் கழித்தல் பிழை எது என்று பிரித்து வைத்து, கருத்துப் பிழை வந்த பாடங்களுக்கு மட்டும் காணொளிக்குத் திரும்புங்கள்.